புரூஜ் நகரத்தில் கை தூக்கியவள்

மெல்பேர்னின் கிரான்பர்னிலிருந்து இவ்வளவு தூரம் வந்து, இன்று புரூஜ் நகரத்தைச் சைக்கிளில் சுற்றிப் பார்த்தோம். எட்டுப் பேர், வழிகாட்டியாக ஒரு பெல்ஜியப் பெண்.

"கையை உயர்த்தினால் நிற்கப் போகிறீர்கள் என்று அர்த்தம். பின்னால் வருபவர்கள் பிரேக் பிடிக்க வேண்டும்" என்று முதலிலேயே சொல்லிவிட்டாள்.

நானோ மன்னார்க்காரி, கத்தோலிக்கப் பெண். தேவாலயத்தைக் கண்டால் கை தானாக நெற்றிக்குப் போய்ச் சிலுவை போடும். இந்த ஊரிலோ மூலைக்கு மூலை தேவாலயம்!

முதல் தேவாலயத்தில் கை எழும்பியது. பின்னால் வந்த ஆறு சைக்கிளும் கிறீச்சென்று நின்றன.

இரண்டாவதிலும் அதே கதை. மூன்றாவதில் சைக்கிள் தள்ளாடி, நானே பக்கத்திலிருந்த கால்வாய்க்குள் விழப் பார்த்தேன்.

இன்னும் எத்தனை இருக்கிறது என்று வழிகாட்டியிடம் கேட்டேன். "நிறைய" என்று சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

கூட வந்த என் கணவர் யாழ்ப்பாணத்துச் சைவர். கடைசி ஆளாகப் போய் நின்றார்.

"எனக்குப் பின்னால ஒருத்தருமில்லை. நீர் ஹாண்டிலைப் பிடியும். உமக்கும் சேர்த்து நான் சிலுவை போடுறன்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு தேவாலயத்தைத் தாண்டும்போதும் பின்னாலிருந்து ஒரு சத்தம்: "போட்டிட்டன்!"

சிரித்துச் சிரித்தே பெடல் மிதித்தேன்.

மெல்பேர்ன் சனங்களே, இவர் கும்பிடும் த பேசின் கோயில் பிள்ளையாரிடம் மட்டும் இவரைக் காட்டிக் கொடுத்துவிடாதீர்கள்.