குறட்டால் திருப்பிய தொலைக்காட்சி

எங்கள் அடுக்குமாடியின் லிப்டுக்குப் பக்கத்தில் போன மாதம் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். பழைய தொலைக்காட்சிகளையும் பருத்த கணினித் திரைகளையும் குப்பையோடு போடக் கூடாதாம். அவை ஆபத்தான கழிவாம். சனிக்கிழமை அனுமதி பெற்ற லொறி வரும், உடைக்காமல் கீழே கொண்டுவந்து தரவும் என்று எழுதியிருந்தது. என்னிடமும் அப்படியொரு மொனிட்டர் கட்டிலுக்கடியில் கிடந்தது. எதையும் எறிய மனமில்லாத வியாதி எனக்கு. இப்போது சட்டமே கேட்கிறது என்று சாக்குச் சொல்லிக்கொண்டு கொண்டுபோனேன்.

லொறியோடு வந்தவர் முகமூடியும் கையுறையும் போட்டிருந்தார். நான் வயரைப் பிடித்து இழுத்ததைக் கண்டு ஓடி வந்தார். "மிஸ், அப்புடித் தூக்காதீங்க. பின்னுக்குக் கழுத்து உடைஞ்சா கண்ணாடி பறக்கும். உள்ளுக்கு ஈயம் இருக்கு, பவுடர் இருக்கு, மூச்சில போனாக் கூடாது." பழைய போர்வை ஒன்றால் சுற்றி, திரையை நெஞ்சோடு அணைத்துத் தூக்கினார். பின்பக்க ஓட்டைகளிலிருந்து கருகிய தூசியின் மணம் வந்தது. தொலைக்காட்சியைப் பின்னால் திறந்து பார்த்தவர்களுக்கு அந்த மணம் தெரியும். எனக்கு அது யுத்த காலத்துக் கொழும்பு, இதே வெள்ளவத்தை.

அப்போது இதே ஒழுங்கையில் ஒரு மாடிவீட்டின் மேல்தளத்தில் அம்மா, அண்ணை, நான் மூவரும் வாடகைக்கு இருந்தோம். நான் கொள்ளுப்பிட்டியில் ஒரு கந்தோரில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். அண்ணை யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சில கிழமைகள்தான். வடக்கிலிருந்து வரும் தமிழர் செய்தேயாக வேண்டிய பொலிஸ் பதிவுகூட முடிந்திருக்கவில்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு திருத்தகத்தில் என் முதல் போனஸில் வாங்கிய தொலைக்காட்சி எங்கள் வீட்டில் இருந்தது. விற்றவர் படம் கண்ணாடிபோல் தெரியும் என்றார், தெரிந்தது. சனல் மாற்றும் குமிழ் இல்லை என்பதை மட்டும் சொல்ல மறந்துவிட்டார். மொட்டையாக நீட்டிக்கொண்டிருந்த தண்டைக் குறட்டால் பிடித்துத் திருப்புவோம். திருநீற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் குறடு இருந்த வீடு கொழும்பிலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும்.

எதிர்வீட்டு மாலினி அக்கா பின்னேரங்களில் சிங்கள நாடகம் பார்க்க வருவாள். அவள் வீட்டுத் தொலைக்காட்சியை அவள் கணவர் கிரிக்கெட்டுக்கென்றே குத்தகைக்கு எடுத்திருந்தார். எங்கள் அம்மாவுக்குச் சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது, ஆனாலும் இருவரும் ஒரே இடத்தில் மூக்கைச் சிந்துவார்கள். "பாவமடி அந்தப் பிள்ளை" என்று அம்மா என்னிடம் சொல்லுவா. எந்தப் பிள்ளை, என்ன பாவம் என்று கேட்டால் திரையைக் கை காட்டுவா. மாலினி அக்கா வரும்போது ஒரு தட்டில் கொக்கிஸ் பலகாரம் கொண்டுவருவாள். போகும்போது அம்மா அந்தத் தட்டில் வடையை வைத்து அனுப்புவா. தட்டு ஒருநாளும் வெறுமையாக ஒழுங்கையைக் கடந்ததில்லை.

ஒருநாள் நாடகத்தின் நடுவில் 'டப்' என்றொரு சத்தம், பிறகு அந்தக் கருகிய மணம். தொலைக்காட்சி செத்துவிட்டது. கொட்டாஞ்சேனைத் திருத்தகக்காரர் வந்து பார்த்து, படக்குழாய் போய்விட்டது, இனிச் செலவழிப்பது வீண் என்றார்.

"குப்பை அள்ளுற சனத்துக்குக் கண்ணாடி குத்திப்போடும் தம்பி, வடிவாக் கட்டிப் போடு" என்றா அம்மா. அண்ணை சொன்ன சொல்லைத் தட்டாத பிள்ளை. பெரிய காட்போட் பெட்டி தேடி, தொலைக்காட்சியை உள்ளே இறக்கி, சுற்றிவர டேப் ஒட்டி, கயிற்றால் இறுக்கிக் கட்டி, விடிந்ததும் ஒழுங்கை முகப்பில் விளக்குக் கம்பத்தடியில் வைத்துவிட்டு வந்து தேத்தண்ணி குடித்தார். யாழ்ப்பாணத்தில் குண்டு மேலேயிருந்து விழும். கொழும்பில் அது ஆளில்லாத பெட்டிக்குள் இருக்கும் என்பது அவருக்கு இன்னும் பழகவில்லை.

அரை மணித்தியாலத்தில் ஒழுங்கை வெறிச்சோடிவிட்டது. அதன் முடிவில், காலி வீதி எனும் பெருந்தெருவில், பஸ்களை மறித்துவிட்டார்கள். ஆமிக்காரர் பெட்டிக்குத் தூரத்தில் நின்று கத்துவது மேலே கேட்டது. அண்ணை எட்டிப் பார்த்தார். "ஐயோ, அது எங்கட டிவியெல்லோ" என்றபடி படியிறங்கி ஓடினார். அம்மாவும் நானும் பின்னால் ஓடினோம்.

தன்னுடையதுதான் என்று அண்ணை தெரிந்த நாலு சிங்களச் சொல்லில் சொன்னார். அதிகாரி நம்பவில்லை. எறியப்போகும் டிவியை யாராவது இப்படிக் கட்டிவைப்பார்களா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பதிவும் இல்லை என்றதும் அண்ணையின் கைகளைத் தூக்கச்சொல்லி மதிலோடு நிறுத்தினார்கள். அப்படி நிறுத்திவைத்து ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனவர்களில் திரும்பி வராதவர்களை எங்களுக்குத் தெரியும். எனக்குக் கந்தோரில் நாள் முழுக்கப் பேசிய சிங்களம் ஒன்றும் வாயில் வரவில்லை.

அப்போது மாலினி அக்கா வீட்டுச் சட்டையோடு, எண்ணெய் வைத்த தலையோடு வெளியே வந்தாள். அதிகாரிக்கு முன்னால் போய் நின்று சிங்களத்தில் சொன்னாள்: அது இவர்களின் டிவிதான், தினமும் அதில்தான் தான் நாடகம் பார்ப்பது, அதற்குச் சனல் குமிழ் கிடையாது, குறட்டால்தான் திருப்ப வேண்டும், வேண்டுமானால் திறந்து பாருங்கள்.

எல்லோரையும் தள்ளி நிற்கச்சொல்லி, அண்ணையைக் கொண்டே பெட்டியைத் திறப்பித்தார்கள். அவரே இறுக்கிக் கட்டிய கயிறு அவிழ நேரம் எடுத்தது. உள்ளே தொலைக்காட்சி, அதில் மொட்டைத் தண்டு. அதிகாரி குனிந்து பார்த்தார், மாலினி அக்காவைப் பார்த்தார். "வீட்டுக்குள்ள கொண்டுபோ, இனி ரோட்டில வைக்காதே" என்றார். அவ்வளவுதான். அம்மா மாலினி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு தமிழில் என்னென்னவோ சொல்லி அழுதா. அவளுக்கும் எல்லாம் விளங்கியது.

அன்றைக்கே அம்மா முடிவெடுத்துவிட்டா, மகன் இந்த நாட்டில் இருக்க வேண்டாமென்று. அண்ணை கனடா போனார். செத்த தொலைக்காட்சி அவர் போன பிறகும் விறாந்தையில் பூச்சாடியைச் சுமந்துகொண்டு நின்றது. கடைசியில் பழைய போத்தல், பேப்பர் வாங்குகிறவர் ஒருவர் வந்து முற்றத்திலேயே சுத்தியலால் படக்குழாயின் கழுத்தில் அடித்தார். 'உஸ்' என்று காற்று இழுத்தது. செம்புக்கம்பியை எடுத்துக்கொண்டு கண்ணாடியை விட்டுப் போனார். அம்மாவும் நானும் தும்புத்தடியால் அதைக் கூட்டி அள்ளி வாய்க்கால் கரையில் கொட்டினோம். ஈயமாவது பவுடராவது, எங்களுக்கு யார் சொன்னார்கள்?

இப்போது சோதனைச்சாவடிகள் இல்லை, அதற்கு நன்றி. அம்மா இல்லை. மாலினி அக்கா வீட்டை விற்று மகரகம பக்கம் போய்விட்டாள். அவள் வீடு நின்ற இடத்தில்தான் இந்த அடுக்குமாடி எழும்பியிருக்கிறது. எதிர்க் கதவுக்காரர் நல்ல மனிதர். லிப்டில் கண்டால் சிரிப்பார். அவர் வீட்டுச் சாமான்களில் எது உடைந்தது, எதை எதால் திருப்புகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் அவரை மதிலோடு நிறுத்தி வைத்து என்னைக் கேட்டால், அவருக்காகச் சொல்ல என்னிடம் ஒரு வார்த்தையும் இல்லை.