நீலத் தண்ணீர் கசியாத நாள்

இந்த நினைவு மலரைப் பெற்றுக்கொண்ட பலருக்கு எங்கள் அம்மாவின் குரல் தெரியாது. கழுத்தில் துளையும் கையில் சிலேட்டுமாகத்தான் அவரைப் பார்த்திருப்பீர்கள். அவர் மறைந்து ஓராண்டு நிறையும் இன்று, அந்த நாட்களில் உடனிருந்த மூத்த மகள் என்ற முறையில் நடந்ததை எழுதி வைக்கிறேன்.

அம்மா சத்தியவேட்டுக்கு அருகே ஒரு சிற்றூரில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். புத்தூரில் வாழ்க்கைப்பட்டார். சந்தையில் வேர்க்கடலை விற்கும்போது தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிப்பார். வியாபாரிகள் அந்த வாய்க்கு அஞ்சுவார்கள்.

ஆந்திர மாநிலம் பிரிந்து, எந்த ஊர் எந்தப் பக்கம் என்ற எல்லைப் பேச்சு ஓயாதிருந்த காலம் அது. அம்மாவுக்கு முதலில் சோறு தொண்டையில் நின்றது. பிறகு கஞ்சியும் நின்றது. திருப்பதி டாக்டர் பார்த்துவிட்டுப் புற்றுநோய் என்று சொல்லிச் சென்னைக்கு அனுப்பினார்.

சென்னை மருத்துவர் எதையும் ஒளிக்கவில்லை. குரல்வளையையும் உணவுக்குழாயின் மேல்பகுதியையும் எடுக்க வேண்டும். கழுத்துத் தோலையே உள்ளே மடித்துப் புதுக் குழாய் அமைப்பார்கள். அதற்கு மாதக்கணக்காகும். பேச்சு திரும்பாது.

எங்கள் அப்பாவுக்கு, நாங்கள் நைனா என்று அழைப்பவருக்கு, கையெழுத்திடக் கை வரவில்லை. "பேச்சே பூட்டா அவ எப்டிங்க இருப்பா?" என்று மருத்துவரிடம் கேட்டார்.

அம்மாதான் கரகரத்த குரலில், "பேசாம இருந்துக்குவேன். துன்னாம எப்டி இருக்கிறது? போடுய்யா" என்றார்.

மறுநாள் காலை உள்ளே கொண்டுபோகும்போது என்னைப் பார்த்து, "நீ துன்னியா?" என்று கேட்டார். நாங்கள் கேட்ட கடைசிப் பேச்சு அதுவே.

அதன்பின் மூச்சு கழுத்துத் துளை வழியாக. கஞ்சி வயிற்றில் வைத்த ரப்பர் குழாய் வழியாக. புதுக் குழாய் மூடப்படாமல் கழுத்தில் திறந்திருந்தது. எச்சில் அதன் வழியே வழிந்துகொண்டே இருக்கும். துணி மாற்ற என்னைத் தவிர யாரையும் அம்மா அனுமதிக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்துக் குழாயை மூடித் தைத்தார்கள். பத்தாம் நாள் சோதனை. கழுத்தில் வெள்ளைத் துணி வைத்து, நீலச் சாயம் கலந்த தண்ணீரை ஒரு ஸ்பூன் கொடுத்தார்கள். அம்மா விழுங்கினார். துணியில் ஒரு நீலப் புள்ளி தோன்றிப் பரவியது.

காத்திருந்தும் தையலில் இருந்த ஓட்டை தானாக மூடவில்லை. மறுபடி தைக்க வேண்டும் என்றார்கள். அம்மா சிலேட்டைத் தள்ளிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். இரண்டு நாள் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, அம்மா பிறந்த ஊரிலிருந்து வந்தார். என்ன பேசுவதென்று தெரியாமல், "முடிவாயிட்ச்சிக்கா. நம்ம ஊர ஆந்திராவுல சேக்கறாங்களாம். அங்க எல்லாம் அதயே பேசிக்கினு கீறாங்க" என்றார்.

அம்மா கையை நீட்டிச் சிலேட்டைக் கேட்டு எழுதினார்: "ஊரு அங்கியேதான் கீது. நான்தான் வரணும்." பிறகு மருத்துவரைக் கூப்பிடச் சைகை காட்டினார்.

மறுபடி தைத்தபின் நடந்த இரண்டாம் சோதனையன்று தெலுங்கு நர்ஸம்மா அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, "மெல்லகா, அம்மா, மெல்லகா" என்றார். முதல் ஸ்பூன். எல்லோர் கண்ணும் துணிமேல். இரண்டாவது ஸ்பூன். மருத்துவர் துணியைத் தூக்கிப் பார்த்தார்; மூன்றாவதும் கொடுத்தார். துணி வெள்ளையாகவே இருந்தது. நைனா வராந்தாவுக்குப் போய் அழுதார்.

மறுநாள் வாய் வழியாகக் கஞ்சி குடித்த அம்மா எழுதியது: "உப்பு பத்தல."

அதற்குப் பிறகு பதினெட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். சிலேட்டோடு சந்தைக்குப் போனார். எங்கள் மூவருக்கும் கல்யாணம் செய்துவைத்தார். சென்ற ஆண்டு மூன்று நாள் மார்ச்சளியில், தம் வீட்டிலேயே அடங்கினார். முந்தின நாள்கூட ரசஞ்சோறு உண்டார்.

அந்த மருத்துவருக்கும், நர்ஸம்மாவுக்கும், அலைந்து உதவிய மாமாவுக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது. இன்னும் சிலருக்கும் சொல்ல வேண்டும். கல்யாணப் பந்திகளில் எல்லோரும் எழுந்த பிறகும், அம்மா ஒவ்வொரு வாயாக விழுங்கி முடிக்கும்வரை, எச்சில் கை காயக் காயப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த உறவுக்காரப் பெண்களே, உங்கள் ஒவ்வொருவர் பெயரையும் அம்மா எனக்கு எழுதிக் காட்டியிருக்கிறார்.