அக்காவின் எண், மாமாவின் பெயர்

மாரண்டஹள்ளியிலிருந்து பாலக்கோடு போகும் பஸ்ஸில், கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி நின்றிருந்தபோது, சட்டைப் பையில் புதுப் போன் மூன்று முறை துடித்தது. திரையில் அக்கா வீட்டுக்காரரான மாமாவின் பெயர், இனிஷியலோடு, கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்தாற்போல். மூன்று முறையும் கட் செய்தேன். நான்காம் முறை துடிக்கவில்லை.

அக்கா மாமாவின் பென்னாகரத்து வீட்டை விட்டு, ஒரு பெட்டியும் தையல் மெஷினுமாக எங்களிடம் வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அவளுடைய நம்பர் பதினெட்டு வருடம் முன்பு மாமா பெயரில் வாங்கியது. அதனால் ஒரு தொந்தரவும் இருந்ததில்லை, கூப்பிடுபவர் பெயரைத் திரையில் காட்டும் இந்தப் புது ஏற்பாடு வரும்வரை. நம் போனில் பதிந்து வைத்த எண் என்றால் நாம் வைத்த பெயர் தெரியும். பதியாத எண் என்றால், சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயர். புதிதாக ஜாக்கெட் தைக்கக் கொடுத்த பெண்கள், யாரோ ஆம்பளை என்று எடுக்காமல் விட்டார்கள். தைத்து முடித்தவை கொடியிலேயே தொங்கின. "நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அந்தாளு போயி உள்ள உக்காந்துக்கறாருடா" என்பாள் அக்கா.

பெயரை மாற்றப் போனோம். "பேருல இருக்கறவரு வந்து கையெழுத்துப் போடணுங்க" என்றார் கடைக்காரர். மாமாவைக் கேட்டால், "எம் பேரு ஒரு மூலையில கெடந்துட்டுப் போவுது, உனுக்கு என்னா கசக்குதா?" என்று சிரித்தார். வேறு சிம் வாங்கிக்கொள் அக்கா என்றேன். "பதினெட்டு வருசமா பேசுனது நானு. மக ஆஸ்டல்லருந்து மனப்பாடமா கூப்புடற நம்பரு. நான் எதுக்குடா வுடணும்?"

நான் பஸ்ஸில் தொங்கிய அன்றைக்கு அவள் பொம்மிடியில், ஸ்டேஷன் பக்கம் வாடகைக்கு ஓர் அறை பார்த்திருந்தாள். தனியாக வந்த பெண்ணுக்குத் தரத் தயங்கிய அந்த வீட்டம்மா, "உங்க தம்பிகிட்ட ஒரு வார்த்த பேசிடறேங்க" என்றிருக்கிறார். அக்கா தன் போனிலிருந்து என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். என் பழைய போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து, பதிந்த பெயர்களெல்லாம் போயிருந்தன. அதுவரை என் திரையில் அவள் எப்போதும் 'அக்கா'தான். மாமா பெயர் வருவதை நான் கண்ணால் கண்டதேயில்லை. புதுப்புது நம்பரிலிருந்து கூப்பிட்டுத் திட்டும் மாமாதான் மறுபடியும் என்று நினைத்தேன். எண்ணைப் பார்க்கவேயில்லை. பெயரைத்தான் பார்த்தேன்.

அந்த அம்மா சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு உள்ளே போய்விட்டாராம். அக்கா எங்கள் வீட்டுக்குத் திரும்பவில்லை. தர்மபுரி வந்து, பென்னாகரம் பஸ் ஏறிவிட்டாள்.

மறுநாள் பென்னாகரத்துக்கு ஓடிப்போய் அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். "ஊரே அந்தாளு பேரப் பாத்து கட் பண்ணுச்சு. நீ எம் பேரப் பாத்து கட் பண்றேன்னு நெனச்சேன்டா." வா அக்கா, போகலாம் என்றேன். "வூட்ட வுட்டு ஒரு தடவ வரலாம்டா. ரெண்டாந்தடவ வரதுக்குத் தெம்பு இல்ல."

இப்போது மறுபடி 'அக்கா' என்று பதிந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறாள். திரையில் சரியான பெயர். எடுத்தால், எழுதிக் கொடுத்ததைப் படிப்பதுபோல், "நல்லாருக்கேன்டா, நீங்கெல்லாம் நல்லாருக்கீங்களா?" பின்னால் மாமாவின் இருமல். சொல்லுக்கா, சொல்லுக்கா என்கிறேன். "ஒண்ணுமில்லடா. சும்மாதான்."

பஸ்ஸில் இப்போதெல்லாம் போனைக் கையிலேயே வைத்திருக்கிறேன். முதல் துடிப்பிலேயே எடுத்துவிடுகிறேன். எவ்வளவு சீக்கிரம் எடுத்தாலும், அந்த மூன்று அழைப்புக்குப் பிறகுதான் எடுக்கிறேன்.