பிலோமினா சண்டைக்காரிதான்

பிலோமினா இறந்த செய்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தது. டாலஸ் பக்கம் காப்பெல்லில் எங்கள் வீட்டுச் சமையலறையில் இட்லிக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். கிரைண்டர் சத்தத்தில் ஃபோன் அடித்தது எனக்குக் கேட்கவில்லை. என் கணவர்தான் எடுத்துப் பேசினார். பிறகு வந்து கிரைண்டரை நிறுத்திவிட்டு, "சாந்தாமணி, கொஞ்சம் உக்காரு" என்றார். ஹூஸ்டனிலிருந்து அவள் தம்பி பேசியிருந்தார். டியூட்டி முடிந்து வந்தவள் தம்பிக்கு ஃபோன் செய்து நெஞ்சு வலிக்கிறது என்றிருக்கிறாள், ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நாற்பத்து நான்கு வயது. எத்தனையோ பேர் நெஞ்சை அழுத்தி உயிரைத் திருப்பிக் கொண்டுவந்தவளுக்கு, அன்றைக்கு அழுத்திவிட ஒருத்தரும் பக்கத்தில் இல்லை. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

அடக்கத்துக்கு ஹூஸ்டன் போனோம். சர்ச்சுக்கு வெளியே கார்களுக்கு நடுவே நின்று நம் ஆட்கள் பேசியதைக் கேட்டேன். "நல்ல மனுஷிதான், ஆனா வாய் கொஞ்சம் ஜாஸ்தி" என்றார் ஒரு அங்கிள். "எங்க போனாலும் ஒரு ஃபைட். ஒரு ஹாஸ்பிடல்லயாவது செட்டில் ஆனாளா பாருங்க" என்றார் ஒரு ஆன்ட்டி. தமிழ்ச் சங்க மலருக்கு அவளைப் பற்றி எழுதித் தரும்படி என்னைக் கேட்ட செயலாளரும் விடைபெறும்போது குரலைத் தாழ்த்தி, "அந்த சண்டை மேட்டரெல்லாம் அவாய்ட் பண்ணிடுங்க சிஸ்டர், நல்லதா நாலு வார்த்தை போதும்" என்றார். நல்லதாக நாலு வார்த்தை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதில் சண்டையும் வரும். பிடிக்காதவர்கள் இந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டுப் போகலாம்.

இறந்தவரை 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை, எனக்கும் தெரியும். ஆனால் நாங்கள் இருவரும் ஒரே வயது, ஒரே அறையில் படுத்து எழுந்தவர்கள். எனக்கு அவள் 'அவள்' தான்.

அவள் ஏன் ஓரிடத்தில் நிலைக்கவில்லை என்று கேட்ட ஆன்ட்டிக்கு முதலில் ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் பார்த்தது டிராவல் நர்ஸ் வேலை. ஆள் பற்றாக்குறை உள்ள ஆஸ்பத்திரிக்கு ஏஜென்சி எங்களை அனுப்பும். பதின்மூன்று வாரம் வேலை, அது முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊர். தங்குவதற்கு ஏஜென்சியே அபார்ட்மெண்ட் பிடித்து, வாடகைக்குச் சோபாவும் கட்டிலும் போட்டுக் கொடுக்கும். கிழக்கு டெக்சஸில் பைன் மரங்களுக்கு நடுவே இருந்த ஒரு சின்ன ஊரில் அப்படி ஓர் அபார்ட்மெண்டில் ஏஜென்சி எங்கள் இருவரையும் ஒன்றாகப் போட்டது. தொண்ணூறுகளின் தொடக்கம். நான் ஈரோட்டுப் பக்கம், அவள் தூத்துக்குடி. நான் முட்டைகூடத் தொடமாட்டேன். அவள் பெட்டியைத் திறந்ததும் முதலில் எடுத்து வைத்தது ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு.

முதல் நாளே என் பேச்சைக் கேட்டுவிட்டு, "ஏட்டி, உங்க ஊருல மாட்டுக்கும் 'ங்க' போட்டுத்தான் பேசுவாகளா?" என்று கேட்டாள். "போட்டாத்தான் மாடு நவுருமுங்க" என்றேன். கட்டிலில் விழுந்து சிரித்தாள். அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதிகள்.

சண்டைக்காரி என்கிறீர்களே, ஒரு சண்டையைச் சொல்கிறேன். எந்த ஆஸ்பத்திரியிலும் ஒரு வார்டில் ஆள் குறைந்தால் இன்னொரு வார்டிலிருந்து ஒருவரை அனுப்புவார்கள். டிராவல் நர்ஸ் இருந்தால் அவளைத்தான் முதலில் அனுப்புவார்கள், அது எழுதாத வழக்கம். எந்த அலமாரியில் எது இருக்கிறது என்றே தெரியாத வார்டில் போய் நின்று திணற வேண்டும். முறை வைத்து அனுப்புவோம் என்று எங்கள் ஒப்பந்தத்தில் போட்டிருந்தது, ஆனால் யாரும் முறை பார்க்கவில்லை. வந்த இரண்டாவது வாரம் பிலோமினா ஒரு வெள்ளைத் தாளில் எல்லா நர்ஸுகளின் பெயரையும் எழுதி, யார் எந்தத் தேதியில் வேறு வார்டுக்குப் போனார்கள் என்று குறித்து, ஓய்வறைச் சுவரில் ஒட்டிவிட்டாள். எங்கள் இரண்டு பெயருக்கு எதிரே மட்டும் தேதிகள் வரிசையாக இருந்தன, மற்ற கட்டங்கள் காலி. யாரோ கிழித்தார்கள். மறுநாள் இன்னொன்று ஒட்டினாள். நாலாவது தாளைக் கிழிக்க யாரும் வரவில்லை, முறையும் ஒழுங்காக வந்தது. அங்கேயே வேலை பார்த்த நர்ஸுகளில் இரண்டு பேர் தங்கள் தேதியைத் தாங்களே குறிக்க ஆரம்பித்தார்கள்.

எல்லாச் சண்டையிலும் நியாயம் அவள் பக்கம் இருந்தது என்று நான் சொல்லவில்லை. பருப்புக்குத் தேங்காய் அரைத்து ஊற்றவில்லை என்று என்னோடு மூன்று நாள் பேசாமல் இருந்திருக்கிறாள். சோபாவின் நிறம் பிடிக்கவில்லை என்று ஏஜென்சிப் பெண்ணைப் படாதபாடு படுத்தினாள். பாவம், அந்தப் பெண்ணுக்கும் சோபாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

ஒரு பிற்பகல் எனக்கு ஒன்பது நோயாளிகள். ஆறுக்கு மேல் ஒருத்திக்குத் தரக்கூடாது என்பது அந்த வார்டே போட்டுக்கொண்ட விதி. அதில் ஒருவர் ஆபரேஷன் முடிந்து புத்தி தெளியாமல் இருந்த பெரியவர், மாட்டுப் பண்ணைக்காரர். கட்டிலை விட்டு இறங்கி மாட்டைப் பார்க்கப் போக வேண்டும் என்று அடம் பிடித்துக்கொண்டே இருந்தார். பக்கத்தில் உட்கார ஓர் ஆள் வேண்டும் என்று சூப்பர்வைசருக்கு மூன்று தடவை ஃபோன் செய்தேன். ஆள் இல்லை என்றார்கள். நான் இன்னோர் அறையில் ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தபோது பெரியவர் இறங்கி விழுந்துவிட்டார். இடுப்பு எலும்பு முறிந்தது.

வார்டு மேனேஜர் அம்மாள் என்னைக் கூப்பிட்டு, நடந்ததை எழுதிக் கொடு என்றார். நான் எழுதிக் கொடுத்தேன். என்ன எழுதினேன் என்று கேளுங்கள்.

நம் ஊரில் நர்ஸிங் படித்தவர்களுக்கு இது தெரியும். ஹாஸ்டலில் தெர்மாமீட்டர் உடைந்தால் மேட்ரனுக்கு மன்னிப்புக் கடிதம். யார் உடைத்தது என்று தெரியாவிட்டால் வார்டில் இருந்த எல்லோரும் ஆளுக்கொரு கடிதம். சாப்பாட்டு மணிக்குப் பிந்தினால் கடிதம், டாக்டர் முறைத்தால் கடிதம். 'என்னுடைய கவனக்குறைவால் நேர்ந்த இத்தவறைப் பெரிய மனது வைத்து மன்னிக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன், இனி இவ்வாறு நடக்காது' என்று தூக்கத்தில் எழுப்பினாலும் எழுதுவோம். எழுதிக் கொடுத்தால் மேட்ரன் ஒரு திட்டு திட்டிவிட்டுக் கிழித்துப் போடுவார், விஷயம் முடிந்துவிடும். டெக்சஸில் உட்கார்ந்து நான் எழுதியது அதையேதான், ஒரு வரி மாறாமல், இங்கிலீஷில். கீழே 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள' என்று போட்டுக் கையெழுத்தும் வைத்தேன். மூன்று தடவை ஃபோன் செய்ததை எழுதவில்லை, ஒன்பது நோயாளிகள் என்பதை எழுதவில்லை. அதையெல்லாம் எழுதினால் எதிர்த்துப் பேசுகிற மாதிரி ஆகிவிடுமே என்று நினைத்தேன். மேனேஜர் அம்மாள் படித்துவிட்டு எனக்கு நன்றி சொன்னார். எவ்வளவு நல்லவர் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குப் போகும்போது காரில் பிலோமினாவிடம் சொன்னேன். அவள் காரை ஒரு பெட்ரோல் பங்கின் ஓரத்தில் நிறுத்திவிட்டாள்.

"என்னட்டி எழுதுன? திரும்பச் சொல்லு."

சொன்னேன்.

"கேர்லெஸ்னு எழுதுனியா? அந்த வார்த்தையவா?"

"ஆமா புள்ள. மன்னிப்புக் கேட்டா விட்டுருவாங்கல்ல?"

"கூறுகெட்டவளே, இது உங்க மேட்ரன் ஆபீஸ் இல்லட்டி. கொலை பண்ணிட்டேன்னு நீயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வந்துருக்க. இத அப்படியே நர்ஸிங் போர்டுக்கு அனுப்புனா ஒன் லைசென்ஸ் போச்சு. லைசென்ஸ் போனா ஏஜென்சி ஒன்னைய விட்டுரும். அப்புறம் கிரீன் கார்டு எங்க இருந்து வரும்?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் கிரீன் கார்டு விண்ணப்பம் பாதியில்தான் இருந்தது. என் கணவரும் மூன்று வயது மகளும் ஈரோட்டில் அதற்காகக் காத்திருந்தார்கள். பெட்ரோல் பங்க் என்றும் பாராமல் அழுதேன். "அழுகைய வீட்டுல வச்சுக்க, இப்ப எழுது" என்று பிலோமினா தன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் மடியில் வைத்தாள். எத்தனை மணிக்கு யாருக்கு ஃபோன் செய்தேன், என்ன பதில் வந்தது, எந்த அறையில் என்ன செய்துகொண்டிருந்தேன், ஒவ்வொன்றாகக் கேட்டாள். 'சாரி' என்று எழுதப்போன இரண்டு இடத்தில் பேனாவைப் பிடுங்கினாள்.

மூன்றாம் நாள் விசாரணைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மேனேஜர் அம்மாளும் ஆஸ்பத்திரியின் சட்ட விவகாரங்களைப் பார்க்கும் ஒரு வெள்ளைக்காரரும் உட்கார்ந்திருந்தார்கள். மேஜை மேல் என் மன்னிப்புக் கடிதம். பிலோமினாவை யாரும் கூப்பிடவில்லை, அன்றைக்கு அவளுக்கு லீவு. யூனிஃபார்மைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு என் பின்னாலேயே வந்து, நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நீ ஏன் வந்தாய் என்று அவர்கள் கேட்டதற்கு, "பெரியவர் விழுந்த அன்று நானும் அதே வார்டில் இருந்தேன். இவள் ஃபோன் செய்தது என் காதில் விழுந்தது" என்றாள்.

மேனேஜர் அம்மாள் கடிதத்தைக் காட்டினார். பிலோமினா அதைத் தொடவில்லை. அவள் இங்கிலீஷில் சொன்னதை என்னால் முடிந்தவரை தமிழில் தருகிறேன். "சுவரில் இடித்துக்கொண்டால் சுவரிடமே மன்னிப்புக் கேள் என்று வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். அது எங்கள் மரியாதை, வாக்குமூலம் இல்லை. அன்றைய வேலைப் பிரிப்புத் தாளை எடுத்து வையுங்கள். இவளுக்கு எத்தனை நோயாளிகள் என்று எண்ணுவோம். டெலிஃபோன் ஆபரேட்டரிடம் கேளுங்கள், எத்தனை ஃபோன் போனது என்று பார்ப்போம்."

சட்டம் பார்க்கிறவர் மேனேஜர் பக்கம் திரும்பி, "ஒன்பதா?" என்று கேட்டார். அந்த அம்மாள் என் மன்னிப்புக் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு நான் இரண்டாவதாக எழுதிய தாளை வாங்கிக்கொண்டு எங்களைப் போகச் சொன்னார்கள். என் பெயர் போர்டுக்குப் போகவில்லை, என் லைசென்ஸ் தப்பியது.

இதோடு முடித்தால் செயலாளருக்கும் திருப்தியாக இருக்கும், எனக்கும் வசதி. ஆனால் முடியவில்லை.

பத்து நாள் கழித்து, பகல் பதினோரு மணி இருக்கும். மேனேஜர் அம்மாளும் ஒரு செக்யூரிட்டி ஆளும் வார்டுக்கு வந்தார்கள். பிலோமினாவின் ஒப்பந்தம் அன்றோடு ரத்து என்றார்கள். அவள் இந்த இடத்துக்குப் பொருந்தவில்லையாம், அவ்வளவுதான் காரணம். லாக்கரில் இருந்த செருப்பையும் டிபன் பாக்ஸையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு, திருட்டுப் பட்டம் கட்டப்பட்டவளைப் போல அந்த ஆள் பின்னால் வர, அவள் என் மேஜையைக் கடந்து நடந்தாள். நான் நோயாளியின் சார்ட் எழுதிக்கொண்டிருந்தேன். எழுந்திருக்கவில்லை. இது அநியாயம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எனக்காகத்தான் போகிறாள் என்று தெரிந்தும், பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். அவள் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு எனக்கும் சேர்த்துச் சோறு வடித்திருந்தாள். அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மறுநாள் வேறு ஊருக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு எத்தனையோ ஊர், எத்தனையோ பதின்மூன்று வாரம். என் கணவரும் மகளும் வந்து சேர்ந்தபோது ஏர்போர்ட்டுக்குப் பலூனோடு வந்து நின்றவளும் அவள்தான்.

பல வருஷம் கழித்து ஹூஸ்டனில் ஹில்கிராஃப்ட் தெருவில் மளிகை வாங்கிவிட்டு, ஒரு கடையில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மனசு கேட்காமல் நானே ஆரம்பித்தேன்.

"அன்னைக்கு உன்னய கூட்டிட்டுப் போனப்ப நான் எந்திரிச்சு வரல புள்ள."

"தெரியும்."

"பயமா இருந்துச்சு."

"எனக்கு மட்டும் பயம் இல்லாமலா இருந்துச்சு? ஒனக்காகப் பேசப் போனேன்ல, மேஜைக்கு அடியில காலு வெடவெடன்னு ஆடிச்சு. ஒனக்குத் தெரியல, அவ்வளவுதான்." சட்னியைத் தொட்டு ஒரு வாய் தின்றுவிட்டுச் சொன்னாள்: "பயம் போகட்டும்னு ஒக்காந்திருந்தா போகாதுட்டி. அடுத்த தடவ பயத்தோடயே வா."

ஆக, சர்ச்சுக்கு வெளியே நின்று பேசியவர்களே, அவள் சண்டைக்காரிதான். அவள் போட்ட ஒரு சண்டையால்தான் நான் இன்றைக்கு இந்த நாட்டில் நர்ஸாக இருக்கிறேன், என் மகள் என் வீட்டில் வளர்ந்தாள். வாய் ஜாஸ்தி என்றீர்கள். அந்த வாய் இல்லாவிட்டால் என் கதி என்ன என்று நினைத்துப் பாருங்கள். அவளைப் புகழ அந்தச் சண்டையை விட்டால் என்னிடம் வேறு வார்த்தை இல்லை.

அடக்கம் முடிந்து டாலஸ் பக்கம் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குத் திரும்பிய வாரம், பிலிப்பைன்ஸிலிருந்து வந்த ஒரு டிராவல் நர்ஸை விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மருந்து தாமதமானதற்கு அவள்தான் காரணம் என்றார்கள். மருந்துப் பிரிவிலிருந்து அது நேரத்துக்கு வரவே இல்லை, வராததைப் பார்த்தவள் நான். அந்தப் பெண்ணின் முழுப் பெயர்கூட எனக்குத் தெரியாது. என்னை யாரும் கூப்பிடவில்லை. லிஃப்டில் ஏறும்போதே என் கால் ஆட ஆரம்பித்துவிட்டது. கதவைத் தட்டினேன். "யெஸ்?" என்றார்கள். உள்ளே போய், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.