வைத்தியர் சொன்னதும் நான் சொன்னதும்

முதல் அறிகுறி எங்கள் மாடிப்படியில் வந்தது. நாங்கள் இருப்பது டுசல்டோர்ஃபில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நான்காம் மாடியில். ஒரு சனிக்கிழமை கடைக்குப் போய்விட்டு ஏறிக்கொண்டிருந்தோம். மூன்றாம் மாடியில் என் கணவர் தண்ணீர்ப் போத்தல் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார். சப்பாத்து நாடா அவிழ்ந்துவிட்டது என்றார். நான் குனிந்து பார்த்தேன். இரண்டு நாடாக்களும் இறுக்கிக் கட்டியபடியே இருந்தன.

அவர் தொழில்முறைக் கால்பந்து வீரர். வலது பக்கப் பின்கள ஆட்டக்காரர். தொண்ணூறு நிமிடமும் மைதானத்தின் ஓரக்கோட்டோடு மேலும் கீழும் ஓடுவதுதான் அவருடைய வேலை. அப்படிப்பட்டவர் மூன்று மாடிக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. "வயசு போகுது போல" என்று நக்கலடித்தேன். அவரும் சிரித்தார். பெட்டியை நான் தூக்கிக்கொண்டு போனேன்.

அவர் பெயர் ஒமொண்டி. கென்யாவில் கிசுமு என்ற ஏரிக்கரை நகரத்துக்காரர். நைரோபியில் ஒரு கழகத்தில் மூன்று பருவம் விளையாடினார். அங்கிருந்து சுவீடன், சுவீடனிலிருந்து ஜெர்மனியின் இரண்டாம் பிரிவு. தேசிய அணிக்கு இரண்டு முறை அழைத்தார்கள். முதல் முறை மாற்று ஆட்டக்காரர்களின் வாங்கில் உட்கார்ந்தபடியே இருந்துவிட்டு வந்தார். இரண்டாம் முறை கடைசிப் பதினொரு நிமிடம் விளையாடினார். அந்தப் பதினொரு நிமிடத்தையும் ஒவ்வொன்றாக அவரால் சொல்ல முடியும். எனக்கே இப்போது பாடம். பிறகு முழங்கால் நார் கிழிந்தது. திரும்பி வந்தபோது மூன்றாம் பிரிவு, அதற்குப் பிறகு நான்காம் பிரிவு. வெளிநாட்டு ஆட்டக்காரனுக்கு ஏறும் படி ஒவ்வொன்றாகவும் இறங்கும் படி இரண்டிரண்டாகவும் இருக்கும் என்று அவரே சொல்வார்.

நான் பல் வைத்திய நிலையத்தில் உதவியாளர். எதிரணிக்காரரின் முழங்கை பட்டு உடைந்த பல்லோடு வந்தார், அப்படித்தான் பழக்கம். நாங்கள் இருவரும் பேசுவது ஆங்கிலம். இங்கே அதை எங்கள் வீட்டுத் தமிழில் எழுதுகிறேன். அவர் என்னை, எங்கள் ஊர்க் கணவர்மாரைப் போல, "நீர்" என்று கூப்பிடுவதாக எழுதிப் பார்ப்பதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம் இருக்கிறது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குளிர்கால இடைவேளையில் மூன்றாம் பிரிவுக் கழகம் ஒன்று அவரைக் கேட்டிருந்தது. வயது இருபத்தொன்பது. இனி இன்னொரு முறை யாரும் கேட்கப்போவதில்லை என்று இருவருக்கும் தெரியும். மருத்துவப் பரிசோதனை முடிந்தால் கையெழுத்து. காலையில் போனவர் மாலை வரை வரவில்லை. நெஞ்சில் ஒட்டிய பசை வட்டங்களோடு வந்து, "ஈசிஜி (இதயத் துடிப்பின் மின் பதிவு) திரும்ப எடுத்தவை. நாளைக்கும் வரட்டாம்" என்றார்.

முந்தைய வருடங்களிலும் அவருடைய பதிவு கொஞ்சம் வித்தியாசமாகத்தான் இருந்ததாம். விளையாட்டு வீரரின் இதயம் பெரிதாக இருப்பது வழமை என்று விட்டுவிட்டார்கள். இந்த முறை ஒரு இளம் வைத்தியருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒலி அலைப் படம், காந்த அலைப் படம் (பெரிய குழாய்க்குள் படுக்கவைத்து எடுப்பது) என்று இரண்டு வாரம் ஓடியது. பிறகு பெரிய மருத்துவமனையில் இதய நிபுணரிடம் டெர்மின் (சந்திப்பு நேரம்) கிடைத்தது.

நிபுணர் கட்டை முடி வைத்த ஒரு பெண். கதிரையை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குடும்பத்தில் யாராவது இளம் வயதில் இறந்தார்களா என்று கேட்டார். நன்றாக நீந்தத் தெரிந்த அண்ணன் ஒருவர் ஏரியில் மூழ்கிப்போனார் என்று ஒமொண்டி சொன்னார். அதை நான் மொழிபெயர்த்ததும் அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, நிமிர்ந்து பார்த்து, மறுபடி எழுதினார்.

நோயின் பெயர் ஹைபர்ட்ரோபிக் கார்டியோமயோபதி (இதயத்தின் தசைச்சுவர் அளவுக்கு மீறித் தடிப்பது, பரம்பரையாக வரக்கூடியது). ஒமொண்டியின் தசையில் தழும்புகளும் இருந்தன. அந்தத் தழும்புகளிலிருந்து துடிப்பு திடீரென்று தாறுமாறாகலாம்.

"ஆங்கிலத்தில் சொல்லட்டுமா?" என்று வைத்தியர் என்னிடம் கேட்டார். "ஓரளவு பேசுவேன்."

"வேண்டாம். நான் சொல்லிவிடுகிறேன்" என்றேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஏழு வயதில் அகதியாக இங்கே வந்தவள் நான். ஒன்பது வயதிலிருந்து அம்மா அப்பாவுக்கு வாய் நான்தான். வெளிநாட்டவர் அலுவலகம், வாடகை வீட்டுக்காரர், வைத்தியர் எல்லா இடத்திலும் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டு நடுவில் உட்கார்ந்திருப்பேன். என்னோடு வளர்ந்த பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான். பெரியவர்கள் கோபமாகச் சொல்வதை மரியாதையாக்குவோம். பயங்கரமாகச் சொல்வதைச் சின்னதாக்குவோம். சர்க்கரை வியாதியால் அப்பாவின் கால்விரலை எடுக்க வேண்டி வரலாம் என்று வைத்தியர் சொன்ன அன்று எனக்குப் பன்னிரண்டு வயது. "காலைக் கவனமாப் பாக்கட்டாம்" என்று மட்டும் சொன்னேன். இரண்டு வருடம் கழித்து விரலை எடுத்தார்கள். அப்பா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

வைத்தியர் இப்போது ஒமொண்டியைப் பார்த்து, ஜெர்மன் மொழியில், நிதானமாகச் சொன்னார்: "போட்டி விளையாட்டு முடிந்தது. இந்தப் பருவத்துக்கு மட்டுமல்ல, வாழ்நாளுக்கு. ஒரு கருவி பொருத்துவோம். அது உயிரைக் காப்பாற்றத்தான், விளையாடுவதற்கு அனுமதி அல்ல."

ஒமொண்டி என் பக்கம் திரும்பினார். "என்னவாம்?"

அந்த முகத்தை என்னால் இன்னும் மறக்க ஏலாது. அடுத்த கிழமை கையெழுத்துப் போடப்போகிறவனின் முகம் அது.

"இப்ப விளையாட ஏலாதாம். முதல் ஒரு கருவி வைக்கோணுமாம். பிறகு யோசிக்கலாமாம்."

கடைசி வசனத்தைக் குரலைத் தாழ்த்தி வேகமாகச் சொன்னேன்; வைத்தியர் அதைச் சொல்லவில்லை. அது என்னுடையது. வைத்தியர் தலையாட்டினார், ஒமொண்டியும் தலையாட்டினார். இருவருக்கும் நடுவில் நான் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தேன்.

ஒரு கிழமையில் சொல்லிவிடுவேன் என்றுதான் நினைத்தேன். அறுவைச் சிகிச்சைக்கு முன் சொன்னால் மனம் உடைந்துபோவார் என்று தள்ளினேன். இடது தோளெலும்புக்குக் கீழே தீப்பெட்டி அளவில் டிஃபிப்ரிலேட்டரை (துடிப்பு தாறுமாறானால் உள்ளிருந்தே மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி) வைத்தார்கள். காயம் ஆறட்டும் என்று மறுபடி தள்ளினேன். புதிய கழகம் நாகரிகமாக விலகிக்கொண்டது. பழைய கழகம் முதலில் சுகமாகி வா என்றது. கடிதங்கள் எல்லாம் ஜெர்மன் மொழியில் வந்தன. எங்கள் வீட்டில் ஜெர்மன் கடிதம் என்றால் என் இலாகா. இனி விளையாடக் கூடாது என்று எழுதியிருந்த மருத்துவமனை விடுவிப்புக் கடிதத்தை வாசித்து, மடித்து, என் வேலைச் சான்றிதழ்களுக்கு நடுவில் வைத்தேன்.

ஒருநாள் தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். வேறு நாட்டில் இதே போன்ற கருவியோடு விளையாடும் ஒருவர்.

"பாத்தீரோ? இவரும் கருவியோடதான் ஓடுறார். கோடைக்கு நானும் வந்திடுவன்."

அந்த மனிதரின் நோய் வேறு, இவருடைய தழும்புகள் வேறு. அது எனக்குத் தெரியும். "முதல் கையை உயத்தப் பழகுங்கோ" என்றேன். பேச்சை மாற்றுவதில் எனக்கு இருபது வருடப் பயிற்சி.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு காலை, நடந்துவிட்டு வருகிறேன் என்று போனார். நான் பாணுக்குச் சம்பல் இடித்துக்கொண்டிருந்தேன். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. செயற்கைப் புல் மைதானத்தில் உங்கள் கணவர் விழுந்துவிட்டார், அம்புலன்ஸ் வந்துவிட்டது என்றது ஒரு ஆண்குரல். போய்ச் சேர்ந்தபோது அவருக்கு நினைவு இருந்தது. காலில் போட்டிச் சப்பாத்து. மூன்று கிழமையாக நடக்கப் போகிறேன் என்று சொல்லி ஓடிக்கொண்டிருந்திருக்கிறார். அன்றைக்குக் கருவி ஒரு முறை வேலை செய்திருந்தது. மாடு நெஞ்சில் உதைத்த மாதிரி இருந்தது என்றார்.

அதே வைத்தியர் வந்தார். இந்த முறை என்னைப் பார்க்கவில்லை. கட்டிலருகே நின்று ஆங்கிலத்தில் நேரே அவரிடம் கேட்டார்: "ஏன் ஓடினீர்கள்? இனி ஒருபோதும் இல்லை என்று ஜனவரியிலேயே சொன்னேனே."

ஒமொண்டி வைத்தியரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இவ சொல்லுறது உண்மையோ?"

"ஓம்."

"ஜனவரியிலயோ?"

"ஓம்."

அவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வைத்தியர் என் தோளில் கை வைத்துவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

செய்தி கேட்டு அம்மா வந்தார். வெளியே நடைபாதையில் நான் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா அதிர்ச்சியடைவார் என்று நினைத்தேன். அவர் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சாதாரணமாகச் சொன்னார்:

"நீ சின்னனிலயிருந்தே அரைவாசிதான் சொல்லுறனி, பிள்ளை. எங்களுக்குத் தெரியும்."

"தெரிஞ்சா ஏன் கேக்கேல்ல?"

"கேட்டா நீ அழுவாய் எண்டு அப்பா சொன்னவர். சின்னப் பிள்ளைதானே, விடுவம் எண்டு விட்டிட்டம்."

அப்பாவின் விரல் போன அன்று எனக்கு வராத அழுகை அந்த நடைபாதையில் வந்தது.

ஒமொண்டி மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள், அம்மா கொடுத்துவிட்ட சூப்பைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "செத்திருப்பன் எண்டதுக்குக் கோவமில்லை. மூண்டு மாசமா எல்லாருக்கும் நான் திரும்பி வாறன் எண்டு சொல்லிக்கொண்டிருந்தன். கூட விளையாடினவங்களுக்கு, கிசுமுவில அம்மாவுக்கு. நீர் பக்கத்தில இருந்து கேட்டுக்கொண்டிருந்தீர்."

நான் சூப்புக் கோப்பையை வாங்கிக் கழுவி வைத்தேன்.

மே மாதத்தில் கழகம் விடைகொடுத்தது. ஆட்டம் தொடங்குமுன் நடுக்கோட்டில் ஒரு பூங்கொத்து, கண்ணாடிச் சட்டம் போட்ட அவருடைய மேற்சட்டை. ஒலிபெருக்கியில் பெயரைச் சொன்னதும் மக்கள் கைதட்டினார்கள். அவர் சாதாரணச் சப்பாத்தோடு புல்லில் நடந்ததை அன்றுதான் முதல் முறை பார்த்தேன். விசில் ஊதியதும் வெளியே வந்துவிட்டோம். கார் வரை எங்களுக்குப் பின்னால் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

இதை வாசிப்பவர்களில் யாராவது கணவருக்கோ பெற்றோருக்கோ வைத்தியரிடம் வாயாகப் போய்க்கொண்டிருந்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வெளியாளான ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். வெட்கப்படாதீர்கள். உங்களுக்கு மொழி போதாது என்பதல்ல காரணம். நோயாளியின் முகம் வாடுவதைப் பொறுக்க முடியாதவர் அந்தக் கதிரையில் இருக்கக் கூடாது. நான் அவரைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்தேன். உண்மையில் அந்த முகத்தைப் பார்க்காமல் என்னைக் காப்பாற்றிக்கொண்டேன். அதற்கு அவர் உயிரை வைத்து விளையாடியிருக்கிறேன்.

ஒமொண்டி இப்போது ஒரு களஞ்சியசாலையில் வேலை செய்கிறார். கிழமையில் இரண்டு மாலை ஜெர்மன் வகுப்பு. கடிதங்களை அகராதியோடு தானே வாசிக்கிறார். அவரை நான் வலது பக்கத்தால்தான் கட்டிப்பிடிக்கிறேன், இடது பக்கம் கருவி தட்டுப்படும். முன்பு எங்கள் வீட்டில் வருடம் கால்பந்துப் பருவத்தோடு ஆகஸ்டில் தொடங்கி மே மாதத்தில் முடியும். அவருடைய உடம்பு எங்கள் இருவருக்கும் சோறு போட்ட உடம்பு. அதன் களைப்பு, வீக்கம், நோவு எல்லாவற்றுக்கும் பெயர் இருந்தது, மருந்து இருந்தது. இப்போது அது அமைதியாக இருக்கிறது. அந்த அமைதி எனக்குப் பயமாக இருக்கிறது. காலம் ஆறு ஆறு மாதமாக வருகிறது. ஒவ்வொரு பரிசோதனையிலும் கருவியின் பதிவை வாசித்து, இடையில் இதயம் என்ன செய்தது என்று சொல்கிறார்கள்.

சென்ற மாதப் பரிசோதனைக்கு இருவரும் போனோம். வைத்தியரின் அறை வாசலில் அவர் நின்று, "நீர் வெளியில இரும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நான் இருந்தேன். கதவுக்குப் பின்னால் வைத்தியரின் குரல் நீளமாகக் கேட்டது, சொற்கள் பிடிபடவில்லை. இருபத்தைந்து நிமிடம் கழித்து வெளியே வந்து மேலங்கியை மாட்டினார்.

"என்னவாம்?"

"எல்லாம் நல்லாயிருக்காம்."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான்."

முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. கார் நிறுத்தும் இடத்துக்கு நடந்தோம். வழக்கத்தைவிட மெதுவாக நடப்பது போல் இருந்தது. ஏன் என்று கேட்கும் உரிமை என்னிடம் இல்லை. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கவனிக்காதபடி விரல்களை மணிக்கட்டுக்கு நகர்த்தி, நாடித் துடிப்பை எண்ணத் தொடங்கினேன்.