இருமலுக்கு நின்ற கை

அந்தக் கை ஒவ்வொரு டேங்கிலும் ஒரே இடத்தில்தான் நிற்கும். இடது ஓரத்திலிருந்து பெயிண்டைத் தூவிக்கொண்டே வந்து, அடிவளைவுக்குத் திரும்பும்போது ஸ்பிரே கன்னைச் சற்றுத் தாழ்த்தும். தூவல் அடங்கும். கை லேசாகக் குலுங்கும். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல விட்ட இடத்திலிருந்து தொடரும். எண்பதுகளின் கடைசியில், சங்ககிரிக்குப் பக்கத்தில் லாரிகளுக்கு டீசல் டேங்க் செய்கிற ஒரு தொழிற்சாலையில் நான் எலக்ட்ரீஷியனாக இருந்தேன். அந்த இரும்புக் கையைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் "அங்க மட்டும் ஏனுங்க நிக்குது?" என்று கேட்பார்கள். "அது அப்படித்தானுங்க" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். அது என் மாமாவின் இருமல். என் அக்காவைக் கட்டியவர், அந்தத் தொழிற்சாலையின் பெயிண்டர்.

பின்னாளில் ஓசூர்ப் பக்கம் வேலைக்குப் போய், ரோபோக்களில் பல ஜாதியைப் பார்த்துவிட்டேன். தோள், முழங்கை, மணிக்கட்டு என்று நம் கையைப்போலவே மூட்டுகள் வைத்து, பொறி பறக்க வெல்டிங் அடிப்பது ஒன்று. தலைக்கு மேலே தண்டவாளத்தில் தொங்கிக்கொண்டு, குறுக்கும் நெடுக்கும் நேராக மட்டுமே ஓடி, லேத்துக்கு இரும்புத் துண்டை ஊட்டுவது ஒன்று. மேசைமேல் படுக்கைவாட்டில் வீசி வீசி, சின்னச் சின்ன ஸ்குருக்களை ஓட்டைக்குள் இறக்குவது இன்னொன்று. இவற்றுக்கெல்லாம் பொத்தானைத் தட்டி இடத்தைச் சொல்லிவிட்டால் போதும். எங்களிடம் வந்தது வேறு வகை. அதற்குக் கைப்பிடித்துப் பழக்க வேண்டும். ஒரு பெயிண்டர் அதன் கையைப் பிடித்துக்கொண்டு நிஜமாகவே ஒரு டேங்கிற்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும். அவர் போன வேகம், சாய்த்த சாய்வு, விசையை அழுத்தின இடம், விட்ட இடம் எல்லாம் டேப்பில் ஏறிவிடும். அதற்கப்புறம் ஆளே வேண்டாம். அவர் செய்தது எதுவோ அதைச் சாகும்வரைக்கும் செய்துகொண்டிருக்கும்.

அது வருவதற்கு முன்னால் பெயிண்ட் அடிக்கிற பூத்துக்குள் நின்றவர் மாமா. தகரத் தடுப்புக்குள், மூக்கையும் வாயையும் சேர்த்து ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு நிற்பார். சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் அன்றைக்கு அடித்த நிறம் வரும். "இன்னைக்கு நீலமுங்க மாப்ள, கிருஷ்ணனாட்டம் ஆயிட்டேன்" என்று துண்டை விரித்துக் காட்டிச் சிரிப்பார். வேலை முடிந்ததும் ஆளுக்கு ஓர் அச்சு வெல்லம் கொடுப்பார்கள். வெல்லம் தின்றால் உள்ளே போன பெயிண்டெல்லாம் அதோடு சேர்ந்து இறங்கிவிடும் என்பது முதலாளியிலிருந்து கூட்டிப் பெருக்குகிறவர் வரைக்கும் எல்லாருக்கும் நம்பிக்கை. முதலாளி கெட்டவரில்லை. பிலிக்கல்பாளையத்திலிருந்து நல்ல வெல்லமாகப் பார்த்து மூட்டையில் வரவழைப்பார். வெல்லம் ஒரு நாள் வராவிட்டால் ஆட்கள் சண்டைக்குப் போவார்கள். முகமூடி வேண்டுமென்று ஒருத்தரும் சண்டை போட்டதில்லை. தின்கிற வெல்லம் வயிற்றுக்குத்தானே போகும், நெஞ்சுக்கு எப்படிப் போகும் என்று எனக்கும் தோன்றவில்லை. நானும் தின்றேன், ருசியாகத்தான் இருந்தது.

இருமல் முதலில் மழைக்காலத்தில் மட்டும் வந்தது. பிறகு எல்லாக் காலமும் அதற்கு மழைக்காலமாகிவிட்டது. அக்கா தலைமாட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் வைத்துக்கொண்டுதான் படுப்பாள். அவருக்கு இருமல் கிளம்பினால் தூக்கத்திலேயே அவள் கை சொம்புக்கு நீளும், கண்கூடத் திறக்காது. சேலத்து டாக்டர் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இனிமேல் பெயிண்ட் பக்கமே தலைவைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். அந்தச் சமயத்தில்தான் முதலாளி, வெளிநாட்டுத் தொழிற்சாலை ஒன்று கழித்துவிட்ட அந்த மெஷினைப் பம்பாய் வழியாக வாங்கிக்கொண்டு வந்து இறக்கினார். இனி மாமா பூத்துக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தால் போதும் என்றார். அக்கா காளியம்மன் கோயிலில் பொங்கல் வைத்தாள். அந்த மெஷின்மேல் அவளுக்கிருந்த பக்தி, அன்றைக்கு எங்கள் யாருக்கும் சாமிமேல்கூட இல்லை.

மெஷினை மாட்டித்தர வந்த பம்பாய் என்ஜினீயர், இருப்பதிலேயே நல்ல கையாகப் பார்த்துப் பழக்கச் சொன்னார். நல்ல கை என்றால் மாமாதான். வேறு யார் அடித்தாலும் எங்காவது ஒழுகும். நான் முதலாளியிடம் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவர் உதட்டைப் பிதுக்கிவிட்டு மாமாவைப் பார்த்தார். மாமா அதற்குள் துண்டை நனைத்துக்கொண்டிருந்தார். "ஒரே ஒரு தரந்தானுங்க மாப்ள. அப்புறம் அது நின்னு சாவட்டும்" என்றார்.

கனமான கை அது. எண்ணெய் பம்பு இரைய, இரண்டு கையாலும் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு மாமா உள்ளே அடித்தார். பதிவுப் பொத்தானைப் போட்டுவிட்டு நான் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். மேல்பக்கம் முழுவதும் வழவழவென்று போயிற்று. அடிவளைவில் குனிந்தபோது இருமல் வந்துவிட்டது. வந்த கணத்தில் விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டார், அத்தனை வருஷப் பழக்கம். கன் தாழ்ந்தது, அந்த இரும்பும் அவரோடு சேர்ந்து குலுங்கியது. அடங்கியதும் விட்ட இடத்தில் பிடித்து முடித்துவிட்டார். வெளியே வந்ததும் என்ஜினீயரிடம், "இன்னொருக்கா எடுத்துப்போடலாமுங்களா? நடுவால இருமிப்போட்டனுங்க" என்று கூச்சத்தோடு கேட்டார். நான் அதை இந்தியில் சொன்னேன். என்ஜினீயர் டேங்கை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு திட்டு இல்லை, ஒழுகல் இல்லை. சரக்கு நன்றாக இருக்கிறது, இதுவே போதும் என்றுவிட்டார்.

ஒரே ஒரு தரம் என்றது அந்த ஒரு அளவு டேங்கிற்குத்தான் என்பது பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. லாரிக்கு லாரி டேங்க் மாறும். ஒவ்வொரு புது அளவுக்கும் மாமா உள்ளே போக வேண்டும். பாதியில் இருமல் வந்து பதிவு கெடும், அழித்துவிட்டு மறுபடி போவார். முன்பு வெறுமனே பெயிண்ட் அடித்தவர், இப்போது அந்தக் கனத்தையும் தூக்கிக்கொண்டு அடித்தார். அவரைக் காப்பாற்ற வந்த மெஷின் அவரை விட மாட்டேனென்றது. "நீ சொல்லு சாமி, நீதான அங்க இருக்கற" என்று அக்கா என்னைப் பிடித்துக்கொள்வாள். நான் முதலாளியிடம் சொல்வேன். முதலாளி மாமாவிடம் சொல்வார். மாமா, "வேற ஆளு பழக்குனா ஒழுகுமுங்க" என்பார். அவர் சொன்னதும் உண்மைதான். என்ன செய்வது என்று எங்கள் ஒருத்தருக்கும் தெரியவில்லை. சாயங்காலமானால் வெல்லம் மட்டும் தவறாமல் வந்தது.

அடுத்த தை பிறக்கும்போது மாமா இல்லை. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதிகம் விற்றது அந்த முதல் அளவு டேங்க்தான். சரக்கில் குறை இல்லாததால் அந்தப் பதிவை மாற்ற யாருக்கும் அவசியம் வரவில்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு வீட்டு ஆட்களையும் உள்ளே விட்டார்கள். அக்கா வந்தாள். மெஷின் கைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டிருந்தோம். "அவரு பழக்குனத ஒருக்கா ஓட்டிக் காட்டு சாமி" என்றாள். பெயிண்ட் ஊற்றாமல் வெறுங்கையாக ஓட்டினேன். மேல்பக்கம் போயிற்று. அடிவளைவில் தாழ்ந்தது, குலுங்கியது. நான் அவளிடம் அதைப்பற்றி ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. அவளுடைய வலது கை தானாகப் பக்கவாட்டில் நீண்டு, அங்கே இல்லாத சொம்பைத் துழாவியது.

அந்தத் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். கையைக் கழற்றிப் பழைய இரும்போடு லாரியில் ஏற்றியதை நானே நின்று பார்த்தேன். அதற்கப்புறம் நான் வேலை பார்த்த ரோபோக்கள் எதுவும் எங்கேயும் நிற்காமல் அடித்தன. பக்கத்தில் மனிதர் யாரும் இருமவில்லை, அது நல்லதுதான். அக்காவுக்கு இப்போது வயதாகிவிட்டது. நான் ஊருக்குப் போகும்போதெல்லாம், சாப்பாடு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து கேட்பாள்.

"அந்த மெசினு இன்னும் ஓடுதா சாமி?"

"ஓடுதுக்கா."

"அங்க நிக்குதா?"

"நிக்குதுக்கா" என்பேன்.