கரடித் தலைக்குள்ளே

புது வேலையில் முதல் நாள். புதியவர்களை வட்டமாக உட்காரவைத்து, "ஒவ்வொருத்தரா எழுந்து உங்களப் பத்தி சொல்லுங்க" என்றார் மேலாளர். அவர்களில் ஒருவனான நெட்டையனுக்கு, நேர்முகத் தேர்வுக்குப் பயிற்சி கொடுத்த மாஸ்டர் சொல்லித்தந்த அறிமுகம்தான் துணை: படிப்பில் பற்று, புத்தக வாசிப்பு, மலைப்பயணம், விடுமுறையில் சின்ன வேலைகள். அதை உருப்போட்டுக்கொண்டே இருந்தான். ஆனால் பக்கத்து நாற்காலிப் பெண் முந்திக்கொண்டு எழுந்து, மூச்சுவிடும் இடம்கூட மாறாமல் அதையே ஒப்பித்துவிட்டு உட்கார்ந்தாள். பாவி மனுஷன் அந்த மாஸ்டர், வந்தவர்களுக்கெல்லாம் ஒரே அளவில் சட்டை தைத்துக் கொடுத்திருக்கிறான்.

நெட்டையன் எழுந்தான். வேறு வழியில்லாமல் உண்மையைச் சொல்ல ஆரம்பித்தான்.

"வேதியியல் படிச்சேன் சார், முடிக்கல. பொழுதுபோக்குன்னா தூங்குறதுதான். மலையெல்லாம் போனதில்ல. லாரில மூட்டையோட மூட்டையா போயிருக்கேன், தார்ப்பாயத் தவிர ஒண்ணும் பாக்கல. அப்புறம் பொம்மைக்கடை வாசல்ல கரடி வேஷம் போட்டு நின்னேன்."

"அது கஷ்டமா இருந்திருக்குமே?" என்றார் மேலாளர்.

"இல்ல சார். அந்தத் தலைய மாட்டிக்கிட்டு நின்னப்பதான் பயமே இல்லாம இருந்தேன். நீ யாருன்னு ஒருத்தரும் கேக்கல."